பிள்ளைக்குக் காது கேட்கிறதா? குமரி மாவட்டப் பெற்றோருக்குச் சில வழிமுறைகள்

என் இளைய மகள் பிறந்த மூன்றாம் நாளே அவளுடைய காதைச் சோதித்து ஒரு சின்னச் சீட்டு கொடுத்தார்கள். இரண்டு காதுக்கும் நேரே ‘ரெஃபர்’ என்று அடித்திருந்தது. "காதுக்குள்ள தண்ணி நிக்கும்மா, போகப் போகச் சரியாயிரும்" என்று அங்கே ஒருவர் சொன்னார். சீட்டு டிஸ்சார்ஜ் ஃபைலுக்குள் போனது, நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அதை மறுபடி நான் எடுத்துப் படித்தபோது அவளுக்குப் பதினோரு மாதம். இடையில் "இவளுக்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று மாமியார் சொல்ல, நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு காதிலும் குறைபாடு இருப்பது உறுதியானபோது அவளுக்கு ஒன்றேகால் வயது.

அந்த ஒரு வருடத்தில் நான் எங்கெங்கே தடுக்கி விழுந்தேனோ, அங்கெல்லாம் நீங்கள் விழாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் மூன்று எண்கள்: 1, 3, 6

பிறந்து 1 மாதத்துக்குள் முதல்கட்டச் சோதனை. அதில் தேறாவிட்டால் 3 மாதத்துக்குள் முழுப் பரிசோதனை. குறைபாடு உறுதியானால் 6 மாதத்துக்குள் காது கருவியும் பேச்சுப் பயிற்சியும். உலகம் முழுக்க ஆடியாலஜிஸ்டுகள் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்கள்) கையாளும் கணக்கு இதுதான். இந்த மாதங்களைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், நாங்களும் தாண்டியவர்கள்தான். ஆனால் இன்றைக்கே தேதி வாங்குங்கள்.

‘ரெஃபர்’ என்றால் மறுபடி சோதிக்க வேண்டும் என்றுதான் பொருள், காது கேட்காது என்று பொருள் இல்லை. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் அழுக்கும் நீரும் இருப்பதால் நல்ல காதுள்ள பிள்ளைக்கும் அப்படி வரலாம். அதனால்தான் சில வாரங்கள் கழித்துத் திரும்ப வரச் சொல்வார்கள். நான் செய்த பிழை, திரும்ப வரும் தேதியைக் கேட்காமல் கிளம்பியது. ‘தண்ணீர்தான்’ என்று யார் சொன்னாலும் சரி, எந்தத் தேதியில் மறுபடி வர வேண்டும் என்று அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சில பிள்ளைகளுக்கு முதல் சோதனையில் ‘பாஸ்’ வந்தாலும் கண்காணிப்பு தேவை. குறைமாதத்தில் பிறந்தவர்கள், 1500 கிராமுக்குக் குறைவான எடையில் பிறந்தவர்கள், ஐந்து நாளுக்கு மேல் என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தவர்கள், மஞ்சள் காமாலை கூடி ரத்தம் மாற்றும் நிலை வரை போனவர்கள், ஜென்டாமைசின், அமிகாசின் மாதிரி ஊசிகள் பல நாள் போடப்பட்டவர்கள், மூளைக்காய்ச்சல் வந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலேயே காது கேளாமை உள்ளவர்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் முடித்தவர்களின் பிள்ளைகளும் இதில் சேர்த்தி. நம் பக்கம் அது புதிதில்லை என்பதால் டாக்டர் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

2. தட்டைத் தட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள்

எங்கள் வீட்டில் நடக்காத சோதனை இல்லை. எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார்கள், பிள்ளை திரும்பினாள். கதவை அறைந்தார்கள், திடுக்கிட்டாள். சர்ச் திருவிழாவில் வெடி போட்டபோது வீறிட்டு அழுதாள். "பாத்தியா, நல்லாக் கேக்குது" என்று தீர்ப்பாகிவிட்டது.

சாதாரணமாக நாம் பேசுவது ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) இருக்கும். தட்டு விழும் சத்தம் அதைவிட வெகு அதிகம். ஆக, பேச்சு கேட்காத பிள்ளைக்கும் தட்டுச் சத்தம் கேட்கும். இன்னொன்று, சில பிள்ளைகளுக்குத் தடித்த சத்தங்கள் கேட்கும், மெல்லிய கீச்சுச் சத்தங்கள் கேட்காது. செண்டை கேட்கும், லாரி கேட்கும். ‘ச’, ‘ஸ’ மாதிரி எழுத்துகள் காதிலேயே விழாது. அப்பா பைக் வந்தால் வாசலுக்கு ஓடுகிற பிள்ளைக்கு ‘சட்டை’ என்ற சொல் பாதிதான் கேட்டிருக்கும்.

கதவை அறைந்தால் தரை அதிரும், காற்று முகத்தில் படும். பின்னால் நின்று கை தட்டினால் நிழல் தெரியும். காது கேளாத பிள்ளைகளுக்குக் கண் மிகக் கூர்மை. நீங்கள் காதைச் சோதிப்பதாக நினைப்பீர்கள், உண்மையில் அங்கே கண்தான் பதில் சொல்லியிருக்கும்.

மழலையும் ஏமாற்றும். காது கேளாத பிள்ளையும் முதல் சில மாதங்களில் ‘ங்ங்கா’ என்று நன்றாகவே கொஞ்சும். பிறகுதான் அந்தச் சத்தம் வளராமல் குறைந்துகொண்டே வரும். அதனால் சத்தம் எழுப்புகிறதா என்று பார்க்காதீர்கள், சத்தம் மாறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். 6 மாதத்தில் குரல் வந்த பக்கம் தலை திரும்ப வேண்டும். 9, 10 மாதத்தில் ‘பபபா’, ‘மமமா’ வர வேண்டும், பெயர் சொன்னால் நிமிர வேண்டும். ஒரு வயதை ஒட்டி ஒன்றிரண்டு சொல், இரண்டு வயதில் ‘பால் தா’ மாதிரி இரண்டு சொல் சேர்ந்து வர வேண்டும். இவை வராவிட்டால் வீட்டுக்குள் விசாரணை நடத்த வேண்டாம். கருவி வைத்துப் பார்க்கிற இடத்துக்குக் கிளம்புங்கள்.

3. எங்கே போவது

அரசு வழியில் போவதென்றால் நேரே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போட்டு காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கிருந்துதான் ஆடியாலஜிக்கு அனுப்புவார்கள். பத்து மணிக்கு மேல் போனால் வரிசையில் நின்றே பகல் போய்விடும். மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பக்கத்துக்காரர்கள் முதல் பஸ்ஸைப் பிடிக்கப் பாருங்கள்.

அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை நடமாடும் மருத்துவக் குழு வரும். தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருகிற குழு அது. காது கேளாமையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்கள் பரிந்துரைத்து அனுப்பலாம். அங்கன்வாடி டீச்சரிடம் அடுத்து எப்போது குழு வருகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காக நாலைந்து மாதம் காத்திருக்க வேண்டாம், நேராகவும் போகலாம்.

மேற்கே இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் கைக்கெட்டும் தூரம். அங்கே ஆக்குளத்தில் உள்ள ‘நிஷ்’ பேச்சு, கேட்புக் குறைபாடுகளுக்கென்றே நடக்கும் நிறுவனம். பரிசோதனை, கருவி பொருத்துதல், பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஒரு விஷயம் மட்டும் யோசிக்க வேண்டியது: அங்கே பேச்சுப் பயிற்சி இயல்பாகவே மலையாளத்தில் நடக்கும். விளவங்கோடு பக்கம் இரண்டு மொழியும் புழங்கும் வீடுகள் உண்டுதான். என்றாலும் பிள்ளையை வீட்டில் எந்த மொழியில் கொஞ்சுகிறீர்களோ, கடிந்துகொள்கிறீர்களோ, அந்த மொழியில் பயிற்சி நடப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. நாங்கள் பரிசோதனையை ஓரிடத்திலும் பயிற்சியை நாகர்கோவிலில் தமிழிலும் வைத்துக்கொண்டோம்.

தனியாரிடம் போகும்போது, சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த ஆடியாலஜிஸ்டா என்று கேளுங்கள். பதிவு எண் ரிப்போர்ட்டில் கையெழுத்துக்குக் கீழே இருக்கும். ‘இலவசக் காது பரிசோதனை முகாம்’ என்று நோட்டீஸ் பார்த்து ஒரு கடைக்கு நாங்களும் போனோம். பிள்ளையின் காதில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், அடுத்த நிமிடம் மிஷின் கேட்லாக்கை விரித்தார்கள். பெரா (காது நரம்பின் பதிலைப் பதிவு செய்யும் சோதனை, கீழே சொல்கிறேன்) எடுக்காமல் கைக்குழந்தைக்கு யாராவது கருவி விற்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. பையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, என்.ஐ.சி.யு.வில் இருந்திருந்தால் அதன் சம்மரி தனியாக. இரண்டாவதுதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் தொலைப்பார்கள். காமாலை அளவு, போட்ட ஊசிகளின் பெயர் எல்லாம் அதில்தான் இருக்கும். தாய் சேய் நல அட்டை, முதல் காதுச் சோதனைச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் ஆதார், குடும்ப அட்டை. எல்லாவற்றிலும் மூன்று நகல்.

முதல் சோதனைச் சீட்டு வெப்பத்தில் அச்சாகும் தாளாக இருந்தால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே ஃபோட்டோ எடுத்து, நகலும் போட்டுவிடுங்கள்.

இப்போதே செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. பிள்ளைக்கு நீல நிறக் குழந்தை ஆதார் எடுங்கள். ஐந்து வயதுக்குள் கைரேகை வேண்டாம், பிறப்புச் சான்றிதழும் அப்பா அல்லது அம்மாவின் ஆதாரும் போதும், பதிவுக்குக் காசும் இல்லை. அப்புறம் குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயரைச் சேருங்கள். இந்தப் பெயர் சேர்க்காததால் பின்னால் காப்பீட்டுக்கு அலைந்தது எங்களுக்கு ஆறு வாரம்.

5. என்னென்ன சோதனை, எதில் என்ன தெரியும்

ஓ.ஏ.இ. என்பது காதில் ஒரு சின்ன ரப்பர் முனையை வைத்துப் பார்ப்பது. சில நிமிடத்தில் முடியும். உள்காதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் எழுப்பும் எதிரொலியை அது பதிவு செய்கிறது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எனவே என்.ஐ.சி.யு.வில் இருந்த பிள்ளைக்கும் கடுமையான காமாலை வந்த பிள்ளைக்கும் ஓ.ஏ.இ. ‘பாஸ்’ என்று மட்டும் காட்டி அனுப்பினால் போதாது. செல்கள் சரியாக இருந்து நரம்பு வழி பழுதான பிள்ளைகள் இந்தச் சோதனையில் தேறிவிடுவார்கள். பெராவும் வேண்டும் என்று கேளுங்கள்.

பெராவுக்கு நெற்றியிலும் காதுக்குப் பின்னும் மின்முனை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் அலையைப் பதிவு செய்வார்கள். வலிக்காது, ஷாக்கும் அடிக்காது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று 35 டெசிபல் ஒலியில் தேறியதா இல்லையா என்று மட்டும் சொல்லும் ஸ்கிரீனிங். மற்றது ஒலியை ஏற்றி இறக்கி எந்த அளவு வரை பதில் வருகிறது என்று பார்க்கும் முழுச் சோதனை. இது முடிய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். ஸ்கிரீனிங்கை எடுத்துவிட்டு ‘பெரா முடிந்தது’ என்று நாமே நினைத்துக்கொள்வது சகஜம். நானும் நினைத்தேன்.

டிம்பனோமெட்ரி, சில இடங்களில் இம்பிடன்ஸ் என்பார்கள், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறதா என்று சொல்லும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 1000 ஹெர்ட்ஸ் (ஒலியின் சுருதியை அளக்கும் அலகு) ஒலி முனையால் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வைக்கும் 226 ஹெர்ட்ஸ் முனையால் எடுத்தால், நீர் இருந்தும் இல்லாத மாதிரிக் காட்டலாம். ‘எந்த ஹெர்ட்ஸில் எடுக்கிறீர்கள்’ என்று ஒரு தடவை கேட்டேன். அதற்குப் பிறகு எங்களிடம் விளக்கிப் பேச ஆரம்பித்தார்கள்.

பிள்ளை வளர்ந்திருந்தால் தூங்க வைக்காமலே பார்க்கும் வழிகளும் சேரும். 6 மாதம் முதல் இரண்டு, இரண்டரை வயது வரை, சத்தம் வந்த பக்கம் திரும்பினால் விளக்கெரியும் பொம்மையைக் காட்டிப் பழக்கிச் சோதிப்பார்கள். அதற்கு மேல், சத்தம் கேட்டால் ஒரு வளையத்தைக் கம்பில் போடு என்று விளையாட்டாகவே பார்ப்பார்கள். பெராவும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அலுத்துக்கொள்ளாமல் எடுங்கள்.

6. தூங்க வைப்பதுதான் உண்மையான பரீட்சை

முழு பெரா எடுக்கப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். இதைத்தான் நாங்கள் மூன்று முறை கோட்டை விட்டோம்.

முதல் முறை, இரவு நன்றாகத் தூங்கவைத்துக் கூட்டிப் போனோம். அங்கே போனதும் மலர மலர விழித்துக்கொண்டு டாக்டரின் பேனாவைப் பிடுங்கினாள். இரண்டாவது முறை, சொன்னபடி அதிகாலை நாலு மணிக்கே எழுப்பிவிட்டோம். பஸ் ஏறியதும் வெளிக்காற்றுக்குச் சொக்கிப் போனவள் வடசேரி வரை தூங்கி, இறங்கியதும் புத்துணர்ச்சியாக எழுந்தாள். அவ்வளவுதான், அன்றும் போச்சு. மூன்றாவது முறை சளி.

இப்போது எனக்குத் தெரிந்த முறை இது. முந்தின இரவு வழக்கத்தைவிடத் தாமதமாகத் தூங்க விடுங்கள், விடியலில் எழுப்புங்கள். பயணத்தில் கண்டிப்பாக இன்னொரு ஆள் வேண்டும். பிள்ளையைத் தூங்கவிடாமல் வேடிக்கை காட்டுவது மட்டுமே அவர் வேலை. முடிந்தால் அன்றைக்கு மட்டும் ஆட்டோ அல்லது கார் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை வீணானால் இரண்டு பேரின் ஒருநாள் கூலி போகிறதே, அதோடு பார்த்தால் வாடகை பெரிதில்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை என்றால் பசியோடு கொண்டு போய், மின்முனை ஒட்டிய பிறகு பால் கொடுங்கள். தானாகத் தூங்கிவிடும். வழக்கமான போர்வையோ தொட்டில் துணியோ எடுத்துப் போங்கள்.

பெரிய பிள்ளைகளுக்குத் தூக்க மருந்து கொடுப்பார்கள். எடை பார்த்து, டாக்டர் சொன்ன அளவில், மருத்துவமனையில் வைத்து மட்டுமே கொடுக்க வேண்டும். ‘வீட்டிலேயே சிரப் கொடுத்துக் கூட்டி வாங்க’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூச்சுத்திணறல், வலிப்பு, இருதயப் பிரச்சினை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை மணி நேரம் பால், சோறு கொடுக்கக்கூடாது என்பதையும் முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். முடிந்த பிறகு பிள்ளை நன்றாக விழித்துப் பால் குடிக்கும் வரை அங்கேயே இருங்கள்.

சளி, காய்ச்சல், காதில் சீழ் இருந்தால் தேதியை மாற்றிக் கேளுங்கள். குளிப்பாட்டிவிட்டுக் காதில் தேங்காயெண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. சோதனைக்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். காதுகுத்துக்கு நாள் குறித்திருந்தால் சோதனை முடிந்த பிறகு வையுங்கள். புண்ணான காதைத் தொட எந்தப் பிள்ளையும் விடாது.

7. ரிப்போர்ட் வாங்கும்போது

‘கொஞ்சம் குறைவாக இருக்கு’ என்ற வாய்ச் சொல்லோடு வராதீர்கள். இடது, வலது தனித்தனியாக, எத்தனை டெசிபல் என்று எழுத்தில் இருக்க வேண்டும். ‘கிளிக்’ ஒலியில் மட்டும் எடுத்திருந்தால் எந்தச் சுருதியில் எவ்வளவு குறை என்று தெரியாது. 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் தனித்தனியாக எடுத்த அளவு வேண்டும், கருவியைச் சரியாக அமைக்க அதுதான் ஆதாரம். எலும்பு வழியாக ஒலி கொடுத்தும் பார்த்தார்களா என்று கேளுங்கள். நடுக்காதில் நீர் கட்டியதால் வந்த குறையா, உள்காது, நரம்புக் குறையா என்று அது பிரித்துச் சொல்லும். முதலாவது பெரும்பாலும் மருந்திலோ சின்ன அறுவை சிகிச்சையிலோ சரியாகக்கூடியது. இரண்டாவதுக்குக் காத்திருப்பதில் பயனில்லை.

8. செலவு

அரசு மருத்துவமனையில் சோதனைக்குக் காசு இல்லை, அலைச்சல்தான். தனியாரில் நாங்கள் ஓ.ஏ.இ.க்கு 500 ரூபாயும் பெராவுக்கு 2000 ரூபாயும் கொடுத்தோம், இடத்துக்கு இடம் மாறும். பிள்ளை தூங்காமல் சோதனை நடக்காமலே திரும்பினால் மறுபடி கட்ட வேண்டுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். எங்களிடம் ஒரு இடத்தில் இரண்டு தடவை வாங்கினார்கள்.

9. குறைபாடு உறுதியானால்

அன்றைக்கு அழுதுவிடுங்கள், தப்பில்லை. மறுநாள் காலை மூன்று வேலைகளைச் சேர்த்தே தொடங்குங்கள். ஒன்று முடிந்து அடுத்தது என்று போனால் வருடம் ஓடிவிடும்.

காது கருவி. நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உண்டு, அந்தத் துறை வழியாகக் கருவி இலவசமாகக் கிடைக்கும். மனுவைப் போட்டுவிட்டு, அது வரும்வரை ஆடியாலஜிஸ்டிடம் கடனாகவோ வாடகைக்கோ கருவி கிடைக்குமா என்று கேளுங்கள். காதுக்கேற்ற அச்சு, பிள்ளை வளர வளரச் சின்னதாகிவிடும். கருவி ‘கீ’ என்று விசிலடிக்க ஆரம்பித்தால் அச்சு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டை. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. பிள்ளையின் ஆதார், புகைப்படம், ரிப்போர்ட்டுகள் போதும், பிறகு மருத்துவக் குழு பார்க்கும். சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ குறை இருக்க வேண்டும். ஒரு காதில் மட்டும் குறை என்றால் மருத்துவக் குழு கணக்கிடும் குறைபாட்டு அளவு 40 சதவீதத்தை எட்டாமல் சலுகைகள் மறுக்கப்படலாம். அட்டை வரவில்லை என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

காப்பீடு. கருவியால் பலனில்லாத அளவுக்குக் குறை இருந்தால் காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) பற்றி டாக்டர்கள் சொல்வார்கள். வெளியே செய்தால் பல லட்சம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இது உண்டு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். அறுவை சிகிச்சைக்கு முன் சில மாதம் காது கருவி போட்டுப் பார்ப்பார்கள், ஸ்கேன்கள் எடுப்பார்கள், தடுப்பூசி போடுவார்கள். இதற்கெல்லாம் சேர்த்து மாதங்கள் ஓடும் என்பதால் ஐந்து வயதில் ஆரம்பித்தால் ஆறு வயது வாசலில் வந்து நிற்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெளியே மாட்டும் கருவியின் வயர், பேட்டரி, பழுது எல்லாம் யார் தலையில் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

கடைசியாக, கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு. உப்புக்காற்றும் வியர்வையும் கருவியைச் சீக்கிரம் கெடுக்கும். இரவில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா உருண்டைகள் போட்ட டப்பாவில் வையுங்கள், மழைக்காலத்தில் கட்டாயமாக. பேட்டரியைப் பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதனால் வாங்கும்போதே பேட்டரிக் கதவுக்குப் பூட்டு உள்ள மாடலாகக் கேளுங்கள், பழைய பேட்டரியை எண்ணிப் பார்த்துக் குப்பையில் போடுங்கள்.